என்ன தெரிகிறது என்று முதலில் கேளுங்கள்

சென்ற இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது மார்லா ரன்யன் என்ற அமெரிக்க ஓட்டக்காரரைப் பற்றி இரண்டு வரி சொல்லியிருந்தேன். பார்வைக் குறைபாடு உள்ளவர், ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஓடியவர் என்று. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள், கேள்வியாகக் கேட்கப்பட்ட விஷயத்துக்கு வந்ததைவிட அதிகம். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கல்லூரி மாணவி ஒருவர்: இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே, யார் இந்த மார்லா ரன்யன்? எப்படி நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்தார்? முழுசாகச் சொல்லுங்கள்.

1969 ஜனவரி 4 அன்று கலிபோர்னியாவில் சாண்டா மரியா என்ற ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஸ்டார்கார்ட் நோய் வந்தது. விழித்திரையின் நடுப்பகுதியை மெல்ல மெல்ல அழிக்கும் பரம்பரை நோய் இது. நேரே பார்ப்பது எதுவோ அதுதான் முதலில் மறையும். புத்தகத்தின் எழுத்து, எதிரில் நிற்பவரின் முகம், கரும்பலகை எல்லாம் போய்விடும், ஆனால் ஓரப் பார்வை பெரும்பாலும் நிற்கும்.

சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தடகளத்தில் இறங்கினார். 1992 பார்சிலோனா பாராலிம்பிக்கில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில், நான்கு தங்கம். எதிலெல்லாம் என்று பாருங்கள்: 100 மீட்டர், 200 மீட்டர், 400 மீட்டர், நீளம் தாண்டுதல். நெடுந்தூரத்துக்கும் இவருக்கும் அப்போது ஒரு தொடர்பும் இல்லை. 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லானில் தங்கம், குண்டு எறிதலில் வெள்ளி. குண்டு எறிந்து வெள்ளி வாங்கிய ஒருவர் ஆறே ஆண்டில் மாரத்தானில் உலகத் தரத்தில் ஓடினார் என்றால் தடகளம் தெரிந்தவர்கள் நம்பவே யோசிப்பார்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வேண்டிய உடம்பே வேறு. அவர் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான், பார்வை விஷயம்கூட எனக்கு அதற்கு அப்புறம்தான்.

திருப்பம் அதே 1996-இல், பாராலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்னால் நடந்தது. அமெரிக்காவின் ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில், பார்வையுள்ளவர்களோடு சரிசமமாக, ஹெப்டத்லானில் கலந்துகொண்டார். இரண்டு நாளில் ஏழு போட்டிகள்: தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு, 200 மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி, கடைசியில் 800 மீட்டர். மொத்தத்தில் அவருக்குப் பத்தாவது இடம், ஒலிம்பிக் அணியில் இடமில்லை. ஆனால் ஆறு போட்டிகளில் களைத்தபிறகு ஓடும் அந்த 800 மீட்டரை 2 நிமிடம் 4.60 விநாடியில் முடித்தார். ஹெப்டத்லானுக்குள் ஓடப்படும் 800 மீட்டரில் அது அமெரிக்கச் சாதனை. 'நீ செய்ய வேண்டியது இதுதான்' என்று கடிகாரமே சொன்ன மாதிரி இருந்திருக்கும். ஏழு போட்டிகளையும் விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, ஓட்டக்காரர்களின் ஊர் என்றே பேர் வாங்கிய ஓரிகன் மாநிலத்து யூஜினுக்குக் குடிபெயர்ந்தார்.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. காயங்கள் அவரை விடவில்லை, நடுவில் வருடக்கணக்காக வீணானது. 1999-இல் வின்னிபெக் நகரில் நடந்த, அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கான பான் அமெரிக்கன் விளையாட்டில் 1,500 மீட்டர் தங்கம். மறுவருடம் சிட்னி ஒலிம்பிக். சட்டப்படி பார்வையற்றவர் என்று வகைப்படுத்தப்பட்ட ஒருவர் ஒலிம்பிக்கில் போட்டியிட்டது அதுதான் முதல்முறை என்று சொல்கிறார்கள். 1,500 மீட்டர் இறுதிச் சுற்று வரை வந்து எட்டாவதாக முடித்தார். தங்கம் வென்ற அல்ஜீரியாவின் நூரியா மேரா பெனிடாவுக்கும் இவருக்கும் இடையே மூன்று விநாடிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

அப்புறம் தூரம் கூடிக்கொண்டே போனது. 2001, 2002, 2003 மூன்று ஆண்டும் தொடர்ந்து 5,000 மீட்டரில் அமெரிக்கச் சாம்பியன். 2002 நவம்பரில் நியூயார்க்கில் தன் முதல் மாரத்தான். 2 மணி 27 நிமிடம் 10 விநாடி, பெண்களில் நான்காவது இடம், அமெரிக்கப் பெண்களில் முதலிடம். முதலில் வந்த கென்யாவின் ஜாய்ஸ் செப்சும்பாவுக்குப் பின்னால் 74 விநாடிதான். ஒவ்வொரு கிலோமீட்டரையும் சராசரியாக 3 நிமிடம் 29 விநாடியில் ஓடியிருக்கிறார், அதையும் விடாமல் 42 தடவை. உங்களுக்கு ஓடும் பழக்கம் இருந்தால் அந்த வேகத்தில் ஒரே ஒரு கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு ஆர்வமாக எழுதுகிறேன் என்று புரிந்துவிடும். 2003 பாஸ்டன் மாரத்தானில் ஐந்தாவது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், அங்கே இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை.

ஓடுவதோடு நிற்கவும் இல்லை. கண் தெரியாமல் காதும் கேட்காத குழந்தைகளுக்குக் கற்பிப்பதில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். பிற்பாடு பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். ஹெலன் கெல்லர் படித்த பள்ளி அது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: ஓரப் பார்வை இருக்கிறது, கூடவே ஓடி வழிகாட்டும் கைடு இல்லாமல் தானே ஓடினார் என்றால் அவரைப் பார்வையற்றவர் என்று எப்படிச் சொல்வது? கொஞ்சம் மிகைப்படுத்துவது போலத் தோன்றுகிறதே?

ஐயா, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, பலர் மனதில் இருப்பதுதான். பார்வையற்றவர் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் எல்லோரும் முழு இருட்டைக் கற்பனை செய்கிறோம். முழு இருட்டில் இருப்பவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். மீதிப் பேருக்கு ஏதோ ஒன்று தெரியும், அது என்ன என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அமெரிக்கச் சட்டத்தில் 20/200 என்று ஒரு அளவு உண்டு. நம் கண் மருத்துவர்கள் அதையே 6/60 என்று எழுதுவார்கள். மற்றவர்கள் 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்று பொருள். கண்ணாடி போட்டும், இரண்டில் நல்ல கண்ணிலேயே இவ்வளவுதான் என்றால் சட்டப்படி பார்வையற்றவர். ரன்யனின் பார்வை இதையும்விடக் குறைவு.

அது எப்படி இருக்கும் என்று தெரிய ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்ற கண்ணுக்கு முன்னால் உங்கள் முஷ்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலையைத் திருப்பினால் முஷ்டியும் கூடவே வரவேண்டும், அதை விலக்கவே முடியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மைதானம் தெரிகிறது, காலுக்கு அருகே கோடு தெரிகிறது, பக்கத்தில் ஓடுபவரின் அசைவு தெரிகிறது. எதைப் பார்க்க விரும்புகிறீர்களோ அது மட்டும் தெரியாது. பெரிய கடிகாரத்தில் எத்தனை நிமிடம் ஆனது என்று தெரியாது. 1,500 மீட்டர் என்பது பாதி சதுரங்கம் மாதிரி, யார் எப்போது வேகம் எடுக்கிறார்கள் என்று பார்த்துப் பின்தொடர வேண்டிய ஓட்டம், அதில் முன்னால் போவது யார் என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, உருவத்தையும் சட்டை நிறத்தையும் ஓடும் விதத்தையும் வைத்துத்தான் கணிக்கவேண்டும். கூட்டமாக ஓடும்போது யாராவது இடறினால் தாமதமாகத்தான் தெரியும். நியூயார்க் மாரத்தானில் அவர் கூடவே சைக்கிளில் ஒருவர் வந்து, ஓடிய தூரத்துக்கான நேரத்தையும் தண்ணீர் மேசை வருவதையும் சொல்லிக்கொண்டு வந்தார். உதவி அவ்வளவுதான், ஓடியது அவர்.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பார்கள். அதில் ஓரம் முதலில் போய், நடுவில் மட்டும் ஒரு குழாய் வழியே பார்ப்பது போல மிஞ்சும். அப்படிப்பட்டவர் தூரத்துக் கடிகாரத்தைச் சரியாகப் படிப்பார், ஆனால் காலடியில் கிடக்கும் கல்லில் தடுக்கி விழுவார். அவர் செய்தித்தாள் படிப்பதைப் பார்த்துவிட்டு 'நடிக்கிறான்' என்று சொன்னவர்களை நானே பார்த்திருக்கிறேன், எனக்கு அது இன்றும் ஆறவில்லை. ஓடுவதற்கு எந்தக் குறை அதிகச் சிரமம் என்று கேட்டால், குழாய்ப் பார்வைதான் என்பேன். கால் வைக்கும் இடத்தை நாம் பெரும்பாலும் ஓரப் பார்வையில்தான் அளக்கிறோம். அதனால்தான் பாரா தடகளத்தில் வகைப்பாடு செய்யும்போது கூர்மையை மட்டும் அளப்பதில்லை, பார்வைப் புலத்தின் அகலத்தையும் அளக்கிறார்கள்.

வாசகர் ஒருவர்: முழுவதும் பார்வை இல்லாதவர்கள் ஒருவரோடு கயிறு பிடித்து ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இழுத்துப் போவது அந்தக் கைடுதானே? வெற்றியில் பாதி அவருடையது இல்லையா?

இழுத்தால் தகுதிநீக்கம். அதுதான் விதி.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் ஓட்டப் போட்டிகளில் டி11, டி12, டி13 என்று மூன்று வகை, எண் கூடக் கூட மிஞ்சியிருக்கும் பார்வையும் கூடும். டி11 என்றால் பார்வை ஏறக்குறைய இல்லை. எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், யாருக்கும் துளி வெளிச்சம்கூட ஆதாயமாகக் கூடாது என்பதற்காக, கைடும் கட்டாயம். டி12-இல் கைடு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். டி13-இல் கைடு கிடையாது. கைடு தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது, எல்லைக்கோட்டை ஓட்டக்காரர்தான் முதலில் கடக்கவேண்டும். 5,000 மீட்டரும் அதற்கு மேலும் இரண்டு கைடுகள் வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

நான் சில வருடங்களாக ஞாயிறு காலைகளில் பார்வையற்ற நண்பர் ஒருவருக்குக் கைடாக ஓடுகிறேன், ஆகவே கயிற்றின் இந்த முனையைப் பற்றிச் சொல்ல முடியும். அவருடைய வலது கையும் என் இடது கையும் ஒரே கயிற்றில். இரண்டு கையும் சேர்ந்து முன்னும் பின்னும் போகவேண்டும் என்றால், அவர் இடது காலை வைக்கும்போது நான் வலது காலை வைக்கவேண்டும், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல. ஒரு அடி பிசகினாலும் கயிறு வெடுக்கென்று இழுத்து அவர் தோளைத் திருப்பிவிடும். முதல் நாள் நான் பயத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓடினேன், மரம் வருகிறது, நாய் படுத்திருக்கிறது, வெயில் ஏறுகிறது என்று. இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் நண்பர் சொன்னார்: "என் காலுக்கு வேண்டியதை மட்டும் சொல்லு, மத்ததை ஓடி முடிச்சிட்டுப் பேசலாம்." அன்றிலிருந்து 'மேடு', 'இடது வளைவு', 'மூணு அடியில் பள்ளம்', இவ்வளவுதான். பல நாள் கயிறே பேசிவிடுகிறது. நான் சற்று அகன்றால் வளைவு வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பாதி வெற்றி யாருடையது என்றீர்கள். கென்யாவின் ஹென்றி வன்யோய்கேயைப் பாருங்கள். 1974-இல் பிறந்தவர், ஓட்டக்காரராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர், 1995-இல் ஒரு இரவு தூக்கத்திலேயே பக்கவாதம் தாக்கி, காலையில் கிட்டத்தட்ட முழுப் பார்வையும் போய்விட்டது. கண் இருக்கும்போது ஓடியவர் கண் போனபிறகு மறுபடி ஓடக் கற்றுக்கொண்டு, 2000 சிட்னி பாராலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓடுகிறார், அன்று பார்த்து கைடுக்கு உடம்பு சரியில்லை. கடைசிக் கட்டத்தில் கைடால் முடியவில்லை. பார்வையில்லாத வன்யோய்கேதான் பார்வையுள்ளவரை விடாமல் பிடித்துக்கொண்டுபோய் எல்லையைத் தொட்டார். தங்கம். நான்கு வருடம் கழித்து ஏதென்ஸில், சிறுவயது நண்பர் ஜோசப் கிபுன்ஜா கைடாக ஓட, 5,000-லும் 10,000-லும் தங்கம். அந்த 5,000 மீட்டருக்கு ஆனது 15 நிமிடம் 11 விநாடி. அந்த வேகத்தில் கூட ஓடிக்கொண்டே பேசவும் தெம்பு இருக்கிற கைடு கிடைப்பது லேசான காரியமில்லை. வேகமான ஓட்டக்காரருக்கு அவரைவிட வேகமான கைடு வேண்டும், அப்படி ஒருவர் இல்லாததாலேயே நின்றுபோன ஓட்ட வாழ்க்கைகள் நிறைய இருக்கும்.

2024 பாரிஸில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் மனதில் உறுத்துவது. டி12 மாரத்தானில் ஸ்பெயினின் எலினா கோங்கோஸ்ட், 2016 ரியோவில் தங்கம் வென்றவர், மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். நான்காவது ஆள் மூன்று நிமிட தூரத்தில் இருக்கிறார். எல்லைக்குச் சில மீட்டர் முன்னால் கைடுக்குத் தசைப்பிடிப்பு, அவர் விழப்போகிறார். கோங்கோஸ்ட் கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். கயிற்றை விட்டது விதிமீறல் என்று தகுதிநீக்கம் செய்து, வெண்கலத்தை ஜப்பானின் மிசாடோ மிச்சிஷிட்டாவுக்குக் கொடுத்தார்கள். விதி ஏன் இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது, கைடை வழியில் கழற்றிவிட்டுத் தனியாக ஓட யாரும் நினைக்கக் கூடாது. ஆனால் அன்று அவருக்கு அந்த ஒரு நொடியால் ஒரு விநாடிகூட லாபமில்லை, நட்டம்தான். தாங்கிப் பிடித்த கையைத் தண்டித்தது தவறு என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: கைடுக்கும் இப்போது பதக்கம் உண்டு, அது நியாயம். ஆனால் நுரையீரல் எரிய எரிய ஓடுவது இரண்டு பேரும்தான், பாதி பாதியாக அதைப் பிரிக்க முடியாது.

வங்கி ஊழியர் ஒருவர்: இந்தியாவில் இப்படி நெடுந்தூரம் ஓடும் பார்வையற்றோர் உண்டா?

உண்டு. அங்குர் தாமா 2016 ரியோ பாராலிம்பிக்கில் டி11 1,500 மீட்டர் ஓடினார். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் 1,500, 5,000 இரண்டிலும் தங்கம். கர்நாடகத்தின் ரக்‌ஷிதா ராஜு 2018 ஜகார்த்தாவிலும் 2023 ஹாங்சோவிலும் 1,500 மீட்டர் தங்கம் வென்று, பாரிஸ் பாராலிம்பிக்கிலும் ஓடினார். இந்தப் பெயர்களை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் வீரர்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

தாய் ஒருவர்: என் மகனுக்குப் பத்து வயது. ஸ்டார்கார்ட் என்று சொல்லிவிட்டார்கள். கரும்பலகை தெரியவில்லை. ஓடுவது என்றால் அவனுக்கு உயிர். பள்ளியில் விளையாட்டு வகுப்பு வந்தால் அடிபட்டுவிடும் என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். வீட்டிலும் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். ஓட விடலாமா, எனக்கும் பயமாக இருக்கிறது.

சகோதரி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், மற்றதையெல்லாம் எழுதி முடிக்கும்வரை மனதில் அதுவே இருந்தது. ரன்யனுக்கு வந்தது அதே நோய், ஏறக்குறைய அதே வயதில். அவர் ஒலிம்பிக் போனார், உங்கள் மகனும் போவான் என்று நான் சொல்லப் போவதில்லை. அவன் தன் சிநேகிதர்களோடு ஓடினால் அதுவே போதும்.

முதலில் கண் மருத்துவரிடம் நேராக ஒரு கேள்வி கேளுங்கள்: "இவன் ஓடுவதால் கண்ணுக்கு ஏதாவது ஆபத்து உண்டா?" சில விழித்திரைப் பிரச்சினைகளில், முக்கியமாக கிட்டப்பார்வை மிக அதிகமாக இருந்தால், அடிபட்டாலோ குலுங்கினாலோ விழித்திரை பிரிந்துவிடும் என்ற அச்சம் இருக்கும், அப்போது மருத்துவர் சில விளையாட்டுகளைத் தடுப்பார். ஸ்டார்கார்டில் ஓட்டமே நோயைக் கூட்டுவதில்லை, ஆனாலும் உங்கள் மகனின் கண்ணைப் பார்த்தவர் வாயால் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது, பள்ளியில் காட்ட எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: கண்ணுக்கு நல்லது என்று யாராவது சொல்லி வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோயில் அது கெடுதல் செய்யலாம் என்பதால் மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். வழக்கமான சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், மாத்திரை மட்டும்தான்.

விளையாட்டு ஆசிரியர் மேல் கோபப்படாதீர்கள். அவருக்குப் 'பார்வைக் குறைபாடு' என்று ஒரே ஒரு வரிதான் தெரியும், அதை வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடிந்தது உட்கார வைப்பதுதான். வேகமாக வரும் பந்து உங்கள் மகனுக்கு நிஜமாகவே ஆபத்து, அதில் அவர் சொல்வது சரி. ஆனால் வட்டப் பாதையில் ஓடுவது அப்படி இல்லை. அங்கே யாரும் எதிரே வருவதில்லை, கோடு காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரே வழியில் பத்து நாள் ஓடினால் பாதமே அந்த வழியைப் படித்துக்கொள்ளும். முதல் சில வாரம் ஒரு நண்பன் பக்கத்தில் ஓடட்டும். தேவைப்பட்டால் ஒரு ஷூ லேஸின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு ஆளுக்கு ஒன்று பிடித்துக்கொள்ளலாம், நானும் நண்பரும் ஆரம்பித்தது அப்படித்தான். விழுந்தால் முழங்கால் சிராயும். பத்து வயதில் எல்லோருக்கும் சிராய்ந்த முழங்கால்தான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்று மாலையே அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். நடுவில் நிறுத்தி, என்ன தெரிகிறது என்று அவனையே கேளுங்கள். வெள்ளைக் கோடு தெரிகிறதா, எத்தனை அடியில் தெரிகிறது, பக்கத்தில் ஒருவர் ஓடினால் தெரிகிறதா, சிவப்புச் சட்டை தெரிகிறதா நீலச் சட்டையா, தலையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் கூடுதலாகத் தெரிகிறதா, வெயில் முகத்தில் அடிக்கும்போது எப்படி, மேகமாக இருக்கும்போது எப்படி. அவன் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டு, திங்கள்கிழமை அந்தத் தாளோடு விளையாட்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மகனையும் கூட அழைத்துப் போங்கள், தாளில் இருப்பதை அவனே சொல்லட்டும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.